பரஸ்பர சம்மத விவாகரத்தில் சம்மதத்தைத் திரும்பப் பெறுவது எப்படி? ஜீவனாம்சம் என்ன ஆகும்?

கூட்டு மனுவில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, நீதிபதி முன்னால் முதல் வாக்குமூலமும் கொடுத்தாகிவிட்டது. இப்போது மனம் ஒப்பவில்லை. பேசிய பணம் வரவில்லை, அல்லது மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், அல்லது சேர்ந்து வாழலாம் என்று தோன்றுகிறது. இந்த நிலையில் பலர் கேட்பது "இனி பின்வாங்க முடியுமா?" என்பதைத்தான். முடியும், அதற்கு ஒரு பக்க மெமோ போதும். கவலைப்பட வேண்டியது அடுத்ததைப் பற்றி: பின்வாங்கிய பிறகு ஜீவனாம்சத்தை எந்த மனுவில், எந்தத் தேதியில், என்ன வார்த்தைகளில் கேட்பது? பல வழக்குகள் கெடுவது இங்கேதான்.

இங்கே சொல்வது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவை வைத்து. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவான திருமணங்களுக்கு 28ஆம் பிரிவு ஏறக்குறைய இதே வடிவில் இருக்கிறது.

எதுவரை பின்வாங்கலாம்

கூட்டு மனு தாக்கலான நாளிலிருந்து 6 மாதத்துக்குப் பிறகு, 18 மாதத்துக்குள், இருவரும் சேர்ந்து இரண்டாம் கட்டமாக நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். அப்போதும் சம்மதம் உயிரோடு இருந்தால்தான் தீர்ப்பு. சுரேஷ்தா தேவி வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தீர்ப்பு வரும் நாள்வரை இருவரின் சம்மதமும் தொடர வேண்டும், ஒருவர் மட்டும் தனியாகப் பின்வாங்கலாம், மற்றவரின் ஒப்புதல் தேவையில்லை. 18 மாதம் தாண்டிவிட்டால் பின்வாங்கும் உரிமை போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஹிதேஷ் பட்நாகர் வழக்கில் 2011ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வழக்கு சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக வைத்த கெடுதான் அந்த 18 மாதம், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதற்கான கெடு அல்ல என்றது.

கவனிக்க வேண்டியது வேறொரு கெடு. அமர்தீப் சிங் வழக்கில் 2017ல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, 6 மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். முதல் கட்டத்துக்கு முன்பே பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சமரசத்துக்கு வழியில்லாமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதல் கட்டம் முடிந்து ஒரு வாரத்திலேயே அந்த மனுவைப் போடலாம். ஆகவே "ஆறு மாதம் இருக்கிறதே" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. கூட்டு மனுவில் கையெழுத்து வாங்கிய அன்றே தள்ளுபடி மனுவிலும், இரண்டாம் கட்ட நிரூபண வாக்குமூலத்திலும் தேதியில்லாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. உங்களிடம் என்னென்ன காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை நினைவுபடுத்தி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ பவர் கொடுத்திருந்தால், அந்தப் பவரை எழுத்தில் ரத்து செய்து, நகலை நீதிமன்றக் கோப்பிலும் சேர்க்க வேண்டும்.

தீர்ப்பு வந்துவிட்டால் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். குடும்ப நீதிமன்றச் சட்டம் 19(2)ன்படி சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. மோசடி, வற்புறுத்தல் என்று நிரூபித்து அதே நீதிமன்றத்தை அணுகுவதுதான் மிச்சமிருக்கும் குறுகிய வழி.

மெமோவை எப்படிப் போடுவது

முதலில் வக்கீல் விஷயம். பரஸ்பர சம்மத வழக்குகளில் செலவைக் குறைக்க இருவருக்கும் ஒரே வக்கீல் என்று ஆகிவிடுவது சகஜம். பின்வாங்கும்போது அவரே உங்களுக்காகப் பேச முடியாது. புது வக்கீல் வைத்தால் பழையவரிடம் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதி வாங்கிப் புது வக்காலத்து தாக்கல் செய்ய வேண்டும். அவர் இழுத்தடித்தால் காத்திருக்க வேண்டாம். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே நேரில் ஆஜராகலாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

மெமோ சுருக்கமாக இருக்கட்டும். வழக்கு எண், தரப்பினர் பெயர், அதன்பின் இவ்வளவு போதும்:

"மேற்படி கூட்டு மனுவில் நான் இரண்டாம் மனுதாரர். விவாகரத்துக்கு நான் அளித்திருந்த சம்மதத்தை இன்று முதல் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரண்டாம் கட்டத்தில் சம்மத வாக்குமூலம் அளிக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கும் குழந்தைக்கும் சட்டப்படி உள்ள ஜீவனாம்சம், சீதனம், குடியிருப்பு ஆகிய உரிமைகள் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கூட்டு மனுவில் "எதிர்காலத்தில் ஜீவனாம்சம் கோர மாட்டேன்" என்ற வரி அநேகமாக இருக்கும். அதே கோப்பில் அதற்கு மறுப்பும் இருக்க வேண்டும்.

காரணம் எழுத வேண்டிய கட்டாயமில்லை. மிரட்டலோ ஏமாற்றோ நடந்திருந்தால் எழுதுங்கள். சம்மதம் வற்புறுத்தலாலோ மோசடியாலோ பெறப்பட்டதல்ல என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும் என 23(1)(பிபி) பிரிவே சொல்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. வழக்கு ஜெயிக்கும் என்று நினைத்து "கணவருடன் சேர்ந்து வாழ விரும்புகிறேன்" என்று உண்மையில்லாமல் எழுதக் கூடாது. மறுநாளே "வா" என்று அவர் நோட்டீஸ் அனுப்புவார், அல்லது 9ஆம் பிரிவில் சேர்ந்து வாழக் கோரி மனுப் போடுவார். நீங்கள் போகவில்லை என்றால் "தகுந்த காரணமில்லாமல் வர மறுக்கிறாள்" என்பதே ஜீவனாம்ச வழக்கில் அவருடைய முதல் எதிர்வாதமாகிவிடும். உண்மையிலேயே சேர விருப்பம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள், அதன்படி நடங்கள்.

மெமோவின் நகலை மறுதரப்புக்கு ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் அனுப்புங்கள். வாய்தா நாளில் நேரில் போய் நீதிபதியிடம் வாய்மொழியாகவும் சொல்லுங்கள். வாய்தாவுக்குப் போகாமலே இருந்துவிட்டால் போதாதா என்றால், ஆஜராகாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2009ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் வராமல் இருந்தவருக்குச் சம்மதம் முடிந்த தேதி எது என்பதற்கு ஆதாரம் இருக்காது. ஜீவனாம்ச மனுவுக்கு அந்தத் தேதி வேண்டும். மனு தள்ளுபடியானதும் அந்த உத்தரவுக்கும், மெமோவுக்கும், கூட்டு மனுவுக்கும் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள்.

ஜீவனாம்சம்: எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது

பின்வாங்கியதால் மட்டும் ஜீவனாம்ச உரிமை போகாது. திருமணம் தொடர்கிறது, நீங்கள் இன்னும் மனைவி. ஆனால் சட்டத்தில் நான்கைந்து வழிகள் இருப்பதில், இந்த நிலைக்கு எது பொருந்தும் என்பதில்தான் தவறு நடக்கிறது.

இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அதாவது நிரந்தர ஜீவனாம்சம், இங்கே உதவாது. தீர்ப்பாணை வழங்கும்போதோ அதன் பின்னரோ கொடுப்பது அது. மனு தள்ளுபடியானால் தீர்ப்பாணையே இல்லை. சந்த் தவான் வழக்கில் 1993ல் உச்ச நீதிமன்றம் முன் வந்த பிரச்சினை கிட்டத்தட்ட இதுதான். பரஸ்பர சம்மத மனு தள்ளுபடியான பிறகு மனைவி 25ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்டார். திருமணம் நிலைத்திருக்கும்போது அந்தப் பிரிவில் கேட்க முடியாது, 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 18ஆம் பிரிவுக்குப் போங்கள் என்றது நீதிமன்றம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே தவறான பிரிவில் மனுப் போட்டு ஒரு வருடத்தை வீணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்படுவது அந்தப் பெண்ணின் மாதச் செலவு.

24ஆம் பிரிவு, அதாவது வழக்குக்கால ஜீவனாம்சம், கொடி மாதிரி. பிடித்துக்கொள்ள ஒரு வழக்கு வேண்டும். கூட்டு மனு முடிந்துவிட்டால் அதில் போட்ட 24ஆம் பிரிவு மனுவுக்குப் பிடிமானம் இல்லை. பின்னால் யாராவது ஒருவர் 13ஆம் பிரிவில் கொடுமை, கைவிடுதல் போன்ற காரணங்களைக் காட்டி விவாகரத்து வழக்குப் போட்டால், அப்போது 24 மீண்டும் உயிர் பெறும். வருமானம் இல்லாத கணவரும் இதில் கேட்கலாம்.

உடனடியாகக் கைகொடுப்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் எல்லோரும் எம்.சி. (மெயின்டனன்ஸ் கேஸ், ஜீவனாம்ச வழக்கு) என்பது இதைத்தான். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் எதிர்த்தரப்பிடம் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இதோடு 18ஆம் பிரிவு வழக்கையும், வன்முறை நடந்திருந்தால் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் 12ஆம் பிரிவு மனுவையும் போடலாம். குடியிருக்க இடம் வேண்டும் என்றால் குடும்ப வன்முறைச் சட்டமே நேர்வழி. ஆனால் எத்தனை இடத்தில் போட்டாலும் ஒன்றில் கிடைத்த தொகையை மற்றொன்றில் கழித்துத்தான் கணக்கிடுவார்கள், முந்தைய வழக்குகளை மறைக்கவும் கூடாது. ரஜ்னேஷ்–நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை இது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து வழங்கப்பட வேண்டும். ஆகவே மார்ச்சில் பின்வாங்கிவிட்டு செப்டம்பரில் எம்.சி. போட்டால் இடையில் 6 மாதம் கணக்கில் வராது. சம்மதம் தொடரும்போதே எம்.சி. போட்டால், அடுத்துச் சொல்லப்போகும் 144(4) வாதத்துக்கு இடம் கொடுத்ததாகும். எங்கள் கருத்தில் சரியான வரிசை இது: எம்.சி. மனுவையும், சொத்து–வருமான வாக்குமூலத்தையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டு, பின்வாங்கும் மெமோவைப் போட்ட அன்றோ அந்த வாரத்திலோ எம்.சி.யைத் தாக்கல் செய்துவிடுவது.

எதிர்த்தரப்பு பிடிக்கும் அந்த ஒரு வரி

144(4) மூன்று சூழ்நிலைகளில் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. அதில் ஒன்று, இருவரும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழ்வது. எதிருரையில் முதல் பத்தியே இதுவாகத்தான் இருக்கும்: "மனுதாரரே கையெழுத்திட்ட கூட்டு மனுவில், பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழ்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்."

கூட்டு மனுவை எடுத்து அந்த வரியைப் பாருங்கள். தட்டச்சுக் கடை மாதிரிப் படிவத்தில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மனுதாரர்கள் இருவரும் பரஸ்பர சம்மதத்துடன் கடந்த ஒரு வருடமாகப் பிரிந்து வாழ்ந்து வருகிறார்கள்." 13பி இப்படிக் கேட்கவே இல்லை. அந்தப் பிரிவு கேட்பது மூன்று: ஓராண்டுக்கு மேல் பிரிந்து வாழ்கிறார்கள், சேர்ந்து வாழ முடியவில்லை, திருமணத்தைக் கலைக்கப் பரஸ்பரம் ஒப்புக்கொண்டார்கள். சம்மதம் திருமணத்தைக் கலைப்பதற்குத்தான், பிரிந்து வாழ்வதற்கு அல்ல. பிரிவு அடி தாங்காமல் வெளியேறியதாலும் இருக்கலாம், வீட்டைவிட்டு அனுப்பியதாலும் இருக்கலாம். இனிமேல் கூட்டு மனு எழுதப்போகிறவர்கள் அந்த வரியை "கருத்து வேறுபாட்டால் ... தேதி முதல் பிரிந்து வாழ்கிறார்கள்" என்று மாற்றச் சொல்லுங்கள். ஒரே சொல்தான், ஆனால் பின்னால் பெரிய தொல்லையைத் தவிர்க்கும்.

ஏற்கெனவே அந்த வரியோடு தாக்கலாகிவிட்டது என்றால் எம்.சி. மனுவில் மறைக்காமல் எதிர்கொள்ள வேண்டும். வீட்டைவிட்டு வெளியேறிய தேதி, அன்று நடந்தது, அதற்கான ஆதாரம் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். காவல் நிலைய மனு ரசீது, மருத்துவமனைச் சீட்டு, அன்றைய வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் சேர்க்கலாம். பிறகு இப்படி: "கூட்டு மனுவில் கண்ட சம்மதம் திருமணத்தைக் கலைப்பதற்கானது மட்டுமே. அதையும் இந்தத் தேதியில் திரும்பப் பெற்றுவிட்டேன். அன்று முதல் பிரிந்து வாழ்வதற்கு எங்களுக்குள் எந்த உடன்பாடும் இல்லை. எதிர்மனுதாரர் என்னைப் பராமரிக்கத் தவறிவருகிறார்." அதற்குப் பிறகு செலவுக்குப் பணம் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பி, அவர் கொடுக்கவில்லை என்றால், பராமரிக்க மறுத்ததற்கு அதுவே தனி ஆதாரம்.

தீர்ப்பு வந்து விவாகரத்து ஆகிவிட்டவர்களுக்கு இந்தத் தடை வேறுவிதமாகப் பார்க்கப்படுகிறது. வனமாலா வழக்கில் 1995ல், சம்மத விவாகரத்து பெற்ற மனைவியை "சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழ்பவர்" என்று சொல்லி ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். மறுமணம் செய்யாதவரை அவரும் 'மனைவி' என்ற வரையறைக்குள் வருவார்.

கணவர் 9ஆம் பிரிவில் சேர்ந்து வாழும் தீர்ப்பு வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. அந்தத் தீர்ப்புக்கு மனைவி கட்டுப்படவில்லை என்பதால் மட்டும் ஜீவனாம்சம் தானாகப் பறிபோகாது, வர மறுத்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வாங்கிய பணம், வாபஸ் பெற்ற வழக்குகள்

மொத்தம் ₹15 லட்சம் என்று பேசி முதல் கட்டத்தில் ₹5 லட்சம் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்வாங்கிய பிறகு அதைப் பற்றிப் பேசாமல் எம்.சி. போட்டால் நம்பகத்தன்மை போய்விடும். மாதம் ₹20,000 கேட்கிறீர்கள் என்றால், ₹5 லட்சம் 25 மாத ஜீவனாம்சம் என்று எதிர்த்தரப்பு கணக்குக் காட்டும். திருப்பித் தர முடிந்தால் நீதிமன்றத்தில் செலுத்தத் தயார் என்று மெமோவிலேயே சொல்லுங்கள். முடியாது என்றால் தொகையையும் தேதியையும், எதற்குச் செலவானது என்பதையும் எழுதி, நீதிமன்றம் முடிவு செய்யும் தொகையில் கழித்துக்கொள்ளச் சம்மதியுங்கள். ஆனால் திரும்பி வந்த நகையும் பாத்திரமும் உங்கள் சீதனம். அதை ஜீவனாம்சக் கணக்கில் சேர்க்க விடக் கூடாது. சமரச மெமோவில் "நகை உட்பட மொத்தம் ₹15 லட்சம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் பிரித்துக் காட்டுவது சிரமம். எழுதும்போதே நகைக்குத் தனிப் பட்டியல், பணத்துக்குத் தனிப் பத்தி வேண்டும்.

பணத்தை வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே பின்வாங்கினால் என்ன ஆகும்? நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்திருந்தால் சிக்கல் உண்டு. டெல்லி உயர் நீதிமன்றம் 2018ல் இதை ஆராய்ந்தது. சம்மதம் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறினால் அவமதிப்பு நடவடிக்கைக்கு இடமுண்டு என்றது. ஆகவே உறுதிமொழி கொடுத்தவர்கள் பின்வாங்கும் மெமோவில் காரணத்தை எழுதுவதுதான் பாதுகாப்பு.

ஒப்பந்தத்துக்காக முன்பு போட்ட எம்.சி.யை வாபஸ் வாங்கியிருந்தால் புதிதாகப் போடலாம். ஜீவனாம்சம் மாதாமாதம் பிறக்கும் உரிமை. ஆனால் பழைய மனுவின் எண்ணையும், ஏன் வாபஸ் வாங்கினீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குற்ற வழக்கு அப்படி இல்லை. கொடுமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய ஒப்புக்கொண்டு அது ரத்தாகிவிட்டால், மீண்டும் உயிர்ப்பிப்பது மிகக் கடினம். அதனால்தான் வழக்கு வாபஸையும் கடைசித் தவணையையும் ஒரே நாளில், இரண்டாம் கட்டத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. கூட்டு மனுவில் என்ன எழுதியிருந்தாலும், குழந்தையை இரண்டாம் மனுதாரராகச் சேர்த்து எம்.சி. போடுங்கள். 144(4) தடை குழந்தைக்குப் பொருந்தாது.

பின்வாங்கியது கணவர் என்றால்

மனைவியின் நிலை இன்னும் வலுவானது. அவரே சம்மதத்தை முறித்துவிட்டார், ஆகவே "சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழ்கிறோம்" என்று அவர் சொல்ல வழியில்லை. உடனே எம்.சி., விருப்பமிருந்தால் 13ஆம் பிரிவில் விவாகரத்து வழக்கும் அதோடு 24ஆம் பிரிவு மனுவும் போடலாம். கூட்டு மனுவில் அவர் ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே தரச் சொல்லி உத்தரவு வாங்க முடியாது. ஆனால் அவரால் அவ்வளவு தர முடியும் என்பதைக் காட்டும் ஆவணமாக, சம்பளச் சீட்டோடும் வங்கிக் கணக்கோடும் சேர்த்து வைக்கலாம்.

உத்தரவு வந்த பிறகு பணம் வரவில்லை என்றால் நிலுவைக்கு நிறைவேற்று மனுப் போட வேண்டும். ஒவ்வொரு மாதத் தொகையும் செலுத்த வேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட் பிறப்பிக்க முடியும். இரண்டு வருட நிலுவையைச் சேர்த்து வைத்துக்கொண்டு போனால் முதல் வருடத்தொகை இந்த வழியில் வசூலாகாது. 10 மாதத்துக்கு ஒருமுறையாவது மனுப் போட நாட்குறிப்பில் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.